ஜொஹராவின் பசி குடிபோன வீடுகள்

ஜொஹராவின் பசி அவளை விட்டுப் போன வெள்ளிக்கிழமை, சஹனைச் சுற்றி நாலு பெண்கள் உட்கார்ந்து, நாலு பேரும் பிஸ்மி சொல்லிக் கையை வைத்து, சாப்பாடு சூடு பிடிக்கிற நேரத்தில் ஜொஹராவின் கை பாதி வழியில் நின்றுவிட்டது. நின்ற கை திரும்பித் தட்டுக்கும் போகவில்லை, வாய்க்கும் வரவில்லை, நெய்ச்சோற்றை ஏந்திக்கொண்டு அந்தரத்தில் அப்படியே இருந்தது. எதிரில் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு ஆமினத்து மாமி, விஷக்காய்ச்சலில் படுத்து எழுந்ததிலிருந்து கஞ்சித்தண்ணிக்கே முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தவள், திடீரென்று சப்பணத்தை நன்றாகப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "அந்த நல்லியை இங்கிட்டுத் தள்ளு புள்ள" என்றாள்.

தள்ளினார்கள். உறிஞ்சினாள். இன்னொன்று கேட்டாள். அதையும் உறிஞ்சிவிட்டு எலும்பைத் தட்டின் ஓரத்தில் தட்டி, உள்ளே எதுவும் ஒட்டியிருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்தாள்.

"மாமி, ஒங்களுக்கு நல்லா இக்கிதா?" என்று கேட்டாள் ஜொஹரா.

"நல்லாத்தான் இக்கிது. ஆனா இது என் பசி மாதிரி தெரியல. எனக்கு நல்லியே புடிக்காதே. புடிக்கிறது ஒனக்குல்ல?"

எல்லோரும் ஜொஹராவைப் பார்த்தார்கள். ஜொஹரா கையிலிருந்த சோற்றைப் பார்த்தாள். அது சோறாக இருந்தது. அவ்வளவுதான் இருந்தது.

சலங்கைப்பட்டினத்தில் யாரும் தனித்தட்டில் சாப்பிடுவதில்லை. சஹன் என்கிற அகலத் தட்டில் சோற்றைக் குவித்து, நடுவில் கறியை வைத்து, சுற்றி நாலு பேர் உட்கார்ந்து, அவரவர் பக்கத்திலிருந்து குடைந்துகொண்டே போய் நடுவில் சந்தித்துக்கொள்வதுதான் அந்த ஊரில் சாப்பாடு. தனியாக ஒரு சின்னத் தட்டை எடுத்துக்கொண்டு மூலையில் போய் உட்கார்கிறவர்கள் அந்த ஊரில் இரண்டே வகை, ஒன்று வீட்டோடு சண்டை போட்டவர்கள், இன்னொன்று அம்மை போட்டவர்கள். ஜொஹராவுக்கு உடம்பு இளைக்க ஊசி எழுதிக் கொடுத்த டாக்டருக்கு இது தெரியாது. அவர் வெளியூர். "சின்ன பிளேட்ல, தனியா, கொஞ்சமா சாப்பிடுங்கம்மா" என்று அவர் சொன்னதில் 'கொஞ்சமா' என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு ஜொஹரா வந்துவிட்டாள். அவளுக்கு யாரோடும் சண்டை இல்லை.

ஜொஹரா குண்டு. இதை வளைத்து வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஊரில் யாரும் அதை ஒரு குறையாகச் சொன்னதில்லை. அவள் மாப்பிள்ளை ஷேகு நெய்னா, மஸ்கட்டில் ஒரு பாத்திரக் கடையில் நின்றுகொண்டே வேலை பார்க்கிறவன், அவனும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளாகத்தான் வீடியோ காலில் போனை மேலே தூக்கி மேலே தூக்கி, கழுத்து தெரியாமல், தாடை தெரியாமல், கடைசியில் நெற்றியும் மின்விசிறியும் மட்டும் தெரிகிற உயரத்துக்குக் கொண்டுபோய்விட்டாள். "என்ன புள்ள, நான் ஒங்க வூட்டு பேனோடயா பேசிக்கிட்டிக்கிறேன்?" என்று அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். மறுநாள் டாக்டரிடம் போய் உட்கார்ந்துவிட்டாள். நோன்புப் பெருநாளுக்கு அவன் வருகிறான், இரண்டு வருஷத்துக்குப் பிறகு வருகிறான், அதற்குள் போனைக் கீழே இறக்குகிற மாதிரி ஆகிவிட வேண்டும், இவ்வளவுதான் அவள் கேட்டது.

டாக்டர் கொடுத்தது பேனா மாதிரி ஒரு ஊசி. வாரத்துக்கு ஒரு தடவை வயிற்றில் வைத்து அழுத்த வேண்டும். ஃப்ரிட்ஜில் மல்லித்தழைக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். மற்றவர்களுக்கு இந்த மருந்து பசியைக் கொஞ்சம் கொஞ்சமாக அடக்கும், கொஞ்சம் குமட்டும், எடை மெல்ல மெல்ல இறங்கும். ஜொஹராவுக்கு அப்படி அடக்கவில்லை. வெளியே தள்ளிவிட்டது. தள்ளப்பட்ட பசி ஒரு தட்டு தூரத்தில் இருந்த அடுத்த ஆளின் கை வழியாக உள்ளே போய்க் குடியேறிவிட்டது.

அடுத்த வெள்ளி இனிப்பு போனது. அது போய்ச் சேர்ந்தது உம்முஹானி மாமியிடம். தெருப் பெண்பிள்ளைகளுக்கெல்லாம் ஓதிக்கொடுக்கிறவள், சர்க்கரை வியாதிக்காரி, தேத்தண்ணியைக்கூட வெறுமனே குடிக்கிறவள், அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு பிள்ளைகளைச் சத்தமாக ஓதச் சொல்லிவிட்டு, அந்தச் சத்தத்தின் மறைவில் அடுப்படிக்குப் போய் வட்டிலப்பத்தை விரலால் வழித்துத் தின்று, வழித்த விரலோடு பிடிபட்டாள்.

"இது என் ஆசை இல்ல, என் நஃப்ஸு இல்ல" என்றாள் உம்முஹானி மாமி, மீசை மாதிரி பாகு ஒட்டியிருக்க. "ஜொஹரா நஃப்ஸு."

"ஜொஹரா நஃப்ஸு ஒங்க வாயில என்ன செய்யுது மாமி?"

"அதைத்தான் நானும் கேக்குறேன்."

இதற்குப் பிறகு யாருக்கும் சந்தேகம் இல்லை. சலங்கைப்பட்டினத்தில் வீடுகளுக்குப் பின்னால் பெண்கள் மட்டும் நடக்கிற முடுக்குகள் உண்டு, ஓர் ஆள் அகலச் சந்துகள், தெருப்பக்கம் தலையே காட்டாமல் ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விடலாம். அந்த முடுக்குகள் வழியாகச் செய்தி போனது, செய்தி போன வழியாகவே ஆட்கள் வந்தார்கள், பிள்ளை பெற்று உடம்பு தேறாதவளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள், பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று எலும்பும் தோலுமாய்ப் போன பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள், கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகு பயத்தில் சாப்பாடே இறங்காத ஒருத்தியை அவள் உம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, "இவளுக்குக் கொஞ்சம் மீன் ஆசை குடு ஜொஹரா, மாப்பிள்ள வூட்டுல தெனம் மீனாம்" என்றாள். ஜொஹரா யாரையும் திருப்பி அனுப்பவில்லை. தட்டில் இடம் கொடுத்தாள். தன் கையை வைத்தாள். வந்தவள் சாப்பிட்டாள், அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கறிக்கடைக்காரர் வாரத்தில் இன்னொரு நாளும் கடை திறந்தார். ஏன் என்று ஆண்கள் யாரும் கேட்கவில்லை. வீட்டில் சோறு நன்றாக வந்தது, அதுபோதும் அவர்களுக்கு.

டாக்டர் மட்டும்தான் ஆச்சரியப்பட்டார். எடை பார்க்கிற மெஷினில் அவளை ஏற்றி இறக்கி, மறுபடி ஏற்றி, மெஷினைத் தட்டிப் பார்த்து, "சிலருக்கு ரெஸ்பான்ஸ் ரொம்ப அதிகமா இருக்கும், ஆனா இந்த அளவுக்கு நான் பாத்ததில்ல. எப்படிம்மா இருக்கு?" என்றார்.

"லேசா இருக்கு டாக்டர்."

"வேற ஏதாவது?"

"என் பசி ஆமினத்து மாமி வூட்டுல இக்கிது."

டாக்டர் சிரித்துவிட்டு அடுத்த ஊசியை எழுதினார்.

சாப்பாட்டு ஆசைகள் தீர்ந்த பிறகு மருந்து நிற்கவில்லை. அதற்கு நிற்கத் தெரியவில்லை. உள்ளே வேறு என்ன இருக்கிறது என்று துழாவிப் பார்த்து ஒவ்வொன்றாகத் தள்ள ஆரம்பித்தது. ஊர்க்கதை கேட்கிற ஆசை ஒரு வாரம் போனது. அதை வாங்கிக்கொண்டு போனவள், யாரோடும் பேசாதவள் என்று பெயர் எடுத்திருந்தவள், அடுத்த நாளே முடுக்கில் நின்று மூன்று குடும்பத்துக்குள் சண்டை மூட்டினாள். புதுச்சேலையை மோந்து பார்க்கிற ஆசை போனது. மாலையில் மாடிக்குப் போய்க் கடல் காற்றில் நிற்கிற ஆசை போனது. சீரியலில் அடுத்து என்ன ஆகும் என்கிற ஆசைகூடப் போனது. அதில் ஜொஹராவுக்கு வருத்தமில்லை. அவள் தாடை தெரிந்தது, கழுத்து தெரிந்தது, கழுத்தெலும்பு தெரிந்தது. ஒரு நாள் போனைக் கையை நீட்டிக் கீழே பிடித்து முழு உருவத்தையும் காட்டினாள். "யா அல்லாஹ், யாரு இது?" என்றான் ஷேகு நெய்னா. அவள் இதற்காகத்தானே எல்லாம் செய்தாள், இந்தக் கேள்வியை எத்தனை தடவை மனசுக்குள் கேட்டுப் பார்த்திருப்பாள், ஆனால் கேட்டபோது அது நல்லியில்லாத எலும்பு மாதிரி இருந்தது.

நோன்பு தொடங்குவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை தெருவே ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தது. சஹனில் ஜொஹராவும் அவள் கூடப் பிறந்த ராத்தா செய்யது ராபியாவும் மட்டும் உட்கார்ந்தார்கள்.

ராபியாவுக்கு ஒட்டின வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கதவு. அவள் மாப்பிள்ளை கொழும்புக்குச் சரக்கு எடுக்கப் போனவர், முதலில் போன் செய்துகொண்டிருந்தார், பிறகு பெருநாளுக்கு மட்டும் செய்தார், பிறகு அதுவும் இல்லை. அங்கே அவருக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறதென்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், ராபியாவுக்கும் தெரியும். அவள் அழவில்லை. அழுவதற்கு ஏதாவது வேண்டியிருக்க வேண்டும். அவளுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அடுப்படியில் நின்றுகொண்டே ஒரு கைப்பிடி சாப்பிடுவாள், சஹனில் உட்கார்ந்தாலும் பெயருக்குக் கையை நனைத்துவிட்டு எழுந்துவிடுவாள். இத்தனை வாரமும் அதே தட்டில்தான் உட்கார்ந்திருந்தாள், இத்தனை ஆசைகளும் அவள் மடியைத் தாண்டித் தாண்டி மற்றவர்களிடம் போயின, ஒன்றுகூட அவளிடம் நிற்கவில்லை. அன்றைக்குத் தாண்டிப் போக வேறு ஆள் இல்லை.

அன்று ராபியா சஹனை வழித்துச் சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு, கைகழுவப் போகாமல், விரல் காய்கிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஜொஹராவுக்குச் சந்தோஷமாக இருந்தது. கடைசி ஆசை என்ன போயிருக்கும் என்று யோசித்தாள், ரசம் மாதிரி ஊற்றிக்கொள்கிற புளியாணமாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் காலையில் ராபியா நடுக்கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கண்ணில் சுருமா போட்டிருந்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மஸ்கட்ல இப்ப மணி என்ன?" என்று கேட்டாள்.

ஜொஹரா பதில் சொல்ல வாயைத் திறந்து, அப்படியே நின்றாள். அது அவளுடைய கேள்வி. இரண்டு வருஷமாகக் காலையில் கண்ணைத் திறந்ததும் அவள் கேட்டுக்கொள்கிற முதல் கேள்வி. இன்றைக்கு அவள் அதைக் கேட்கவில்லை.

மனசுக்குள் கையை விட்டுத் துழாவினாள். ஷேகு நெய்னா இருந்தான், அவன் முகம் இருந்தது, நல்ல மனுஷன் என்கிற எண்ணம் இருந்தது, அவன் அனுப்பிய மிக்ஸி இருந்தது. அவனுக்காக ஏங்கின இடம் மட்டும் துடைத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்த பாத்திரம் மாதிரி இருந்தது.

அன்றைக்கே ஊசியைத் தூக்கிக் குப்பையில் போட்டாள்.

நோன்பு வந்தது. நோன்பில்தான் ஊருக்கே விஷயம் உறைத்தது. விடிவதற்கு முன்னால் சஹர் சாப்பிட்டு, பகல் முழுக்கத் தண்ணிகூடக் குடிக்காமல் இருந்து, மஃரிப் பாங்கு சொல்லும்போது ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் வைக்கிற அந்த ஒரு நொடிக்காகத்தான் முகங்களெல்லாம் மாலையில் அப்படி மின்னும். ஜொஹரா மட்டும் மத்தியானம் எப்படி இருந்தாளோ அப்படியே பேரீச்சம்பழத்தைக் கொட்டை எடுத்துத் தின்றாள்.

"பசியே இல்லாம நோன்பு வெச்சா, அதுல எனக்கு என்ன இக்கிது மாமி?" என்று உம்முஹானி மாமியிடம் கேட்டாள். "நான் சும்மா சாப்பிடாம இக்கிறேன். ஆடு மாடுகூட கட்டிப் போட்டா சாப்பிடாமத்தான் இக்கும்."

உம்முஹானி மாமி அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். அவளும் அந்த நோன்பை இரண்டு ஆள் பசியோடு பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "அது அமானிதம் புள்ள. ஒருத்தர் பொருள் நம்மகிட்ட இருந்தா, கேட்டா குடுத்துறணும். நீ எடுத்துக்க முடியாது, நாங்கதான் ஒன் கையில வெக்கணும். எப்படிப் போச்சோ அப்படியே வரட்டும்."

அதன்படியே செய்தார்கள். ஒவ்வொரு நாளும் நோன்பு திறக்கிற நேரத்தில் ஒருத்தி முடுக்கு வழியாக வந்தாள், ஜொஹராவின் சஹனில் உட்கார்ந்தாள், ஒரு கவளத்தை உருட்டி, தன் வாய்க்குக் கொண்டுபோவது மாதிரி கொண்டுபோய், கடைசியில் ஜொஹராவின் வாயில் வைத்தாள். ஊசி நின்றுவிட்டதால் வந்தது தங்கியது. உம்முஹானி மாமி இனிப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அல்ஹம்துலில்லாஹ் என்று பெருமூச்சு விட்டாள். கல்யாணப் பெண் மீனைத் திருப்பிக் கொடுத்தாள்; அதற்குள் அவளுக்கே சொந்தமாக மீன் பிடித்துப் போயிருந்தது. ஆமினத்து மாமிதான் முரண்டு பிடித்தாள். "பெருநாள் கறி வரைக்கும் இருக்கட்டுமே" என்றாள். "மாமி!" என்று எல்லோரும் கத்தின பிறகுதான் கொடுத்தாள், கொடுத்துவிட்டு ஜொஹரா நல்லியை உறிஞ்சுவதை, ஊருக்குப் போகிற பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் வந்தன. சேலை வந்தது, கடல் காற்று வந்தது, சீரியல்கூட வந்து தொலைத்தது. ராபியாவிடம் இருந்தது மட்டும் வரவில்லை. பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

"ராத்தா, குடு" என்றாள் ஜொஹரா, நடுக்கதவில் நின்றுகொண்டு.

"எதை?"

"தெரியாத மாதிரி பேசாத. அவர் வர்றதுக்குள்ள எனக்கு வேணும்."

ராபியா ஜன்னலில் சாய்ந்து நின்றாள். அவள் கன்னத்தில் சதை பிடித்திருந்தது. கையில் வளையல் போட்டிருந்தாள். "நான் கேட்டு வாங்கல. நீதான் தட்டுல வெச்சே."

"அவர் என் மாப்பிள்ள ராத்தா."

"மாப்பிள்ளயை நீயே வெச்சிக்க! அவர் எனக்கு எதுக்கு? அவர் வந்து நின்னா நான் முகத்தைக்கூட காட்டப் போறதில்ல. எனக்கு அவர் வேணாம் புள்ள." குரல் இறங்கியது. "எனக்கு அந்தக் காத்திருக்குறதுதான் வேணும். காலைல எந்திரிச்சா ஒருத்தர் இன்னும் வரலேங்குறது இக்கிது பாரு, அது போதும். சோறு இறங்குது. தலையை வாரிக்கத் தோணுது. இத்தன வருஷமா யாரும் வரலேங்குறது இல்ல என் கொறை ஜொஹரா. வரணும்னு நெனைக்கவே யாரும் இல்ல."

ஜொஹராவுக்குக் கோபம்தான் வந்தது. பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. "எல்லாரும் அமானிதத்தைத் திருப்பிக் குடுத்துட்டாங்க, நீ மட்டும் திருடி மாதிரி வெச்சிக்கிட்டிக்கிறே" என்றாள். ராபியா கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவன் வருவதற்கு முந்தின நாள், நோன்பு திறக்கிற நேரத்தில், கதவு திறந்தது. ராபியா வந்து சஹனுக்கு எதிரில் உட்கார்ந்தாள். வளையலைக் கழற்றியிருந்தாள். பாங்கு சொன்னார்கள். தண்ணி குடித்தார்கள். ராபியா சோற்றை உருட்டினாள். அந்த வீட்டில் யாரும் அவ்வளவு நேரம் ஒரு கவளத்தை உருட்டியதில்லை, உருட்டி உருட்டி, பிரித்து, மறுபடி உருட்டி, கடைசியில் கையை நீட்டினாள். ஜொஹரா அந்தக் கையைப் பார்த்தாள். நாளைக்குக் காலையில் அவன் வாசலில் வந்து நிற்கப் போகிறான். வந்து நின்ற ஆளுக்காக ஏங்க என்ன இருக்கிறது? ஒரே ஒரு ராத்திரிக்காக இவள் வாயிலிருந்து இதைப் பிடுங்க வேண்டுமா?

வாயை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். "வேணாம். நீயே சாப்பிடு."

"சத்தியமாவா?"

"அவர்தான் வந்துருவாரே. நேர்ல பாத்தா எல்லாம் தானா வந்துரும். சாப்பிடு, சோறு ஆறுது."

ராபியா அந்தக் கவளத்தைத் தன் வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். ஜொஹரா செய்தது நல்ல காரியமா முட்டாள்தனமா என்று கேட்டால், இரண்டும்தான்.

ஏனென்றால் தானாக எதுவும் வரவில்லை. ஷேகு நெய்னா திருச்சியிலிருந்து காரில் வந்து இறங்கினான், கயிறு கட்டின அட்டைப்பெட்டிகளை இறக்கினான், ஆட்கள் போகிற வரைக்கும் பொறுத்திருந்து, அவள் முன்னால் வந்து நின்றான். முன்பக்கம் முடி கொட்டியிருந்தது. கொஞ்சம் தொப்பை போட்டிருந்தான். அவனுக்குக் கண் கலங்கியது.

"நீதானா?"

"நாந்தான்."

"மீதி எங்க புள்ள?"

"ஊரு பூரா இருந்துச்சு. முக்காவாசி திரும்பி வந்துருச்சு."

அவன் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தான். அவள் அவனுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள், துண்டு எடுத்துக் கொடுத்தாள், பெருநாள் சட்டைக்கு இஸ்திரி போட்டாள், அவன் பக்கத்தில் படுத்தாள், அவன் சொன்ன கடைக்கதைகளுக்கெல்லாம் ம் கொட்டினாள். எல்லாம் ஒழுங்காக நடந்தது. பெருநாள் சாப்பாட்டில் ஆமினத்து மாமி பொறாமைப்படுகிற அளவுக்கு நல்லி உறிஞ்சினாள். ஆனால் அவன் கடைத்தெருவுக்குப் போனால் எப்போது வருவான் என்று தோன்றவில்லை, வந்தால் வந்துவிட்டான் என்று தோன்றவில்லை. மின்சார ரீடிங் எடுக்க வருகிறவர் நல்லவராக இருந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் ராபியா அவன் தும்மினால் கரண்டியைக் கீழே போட்டாள். முன்னால் வரவில்லை, சொன்ன சொல் தவறவில்லை, முடுக்கு வழியாகவே போய்வந்தாள். தினமும் குழம்போ மீனோ ஒரு ஆணம் வைத்து நடுக்கதவு இடுக்கு வழியாகக் கொடுத்தாள். சாப்பிட்டு முடித்த பிறகு பாத்திரத்தை வாங்க வந்து, மெதுவாகக் கேட்பாள்: "மிச்சம் வெச்சாங்களா?"

"வழிச்சு சாப்பிட்டாங்க."

"நெசமாவா? மறுசோறு வாங்குனாங்களா?"

"வாங்குனாங்க ராத்தா. நீ போ."

அவள் போவாள், போய் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிடுவாள். ஜொஹரா கதவோரத்தில் நின்று, அந்த முகத்தில் தெரிகிற வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அது என் முகத்தில் இருந்தது. இப்படித்தான் நான் இருந்தேனா? குண்டாக, நெற்றி மட்டும் தெரிய, போனைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, இவ்வளவு அழகாகவா இருந்தேன்?

அவனிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு மத்தியானம் சாப்பாட்டின்போது சொல்லிவிட்டாள், ஊசியை, சஹனை, ஒவ்வொன்றாகப் போனதை, கடைசியாக எது போனது என்பதை. யாரிடம் போனது என்பதை மட்டும் சொல்லவில்லை. ஷேகு நெய்னா சலங்கைப்பட்டினத்துக்காரன்தான், சஹனில் சாப்பிட்டு வளர்ந்தவன்தான், நடக்காது என்று அவன் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான்.

"அப்ப எனக்காகக் காத்துக்கிட்டு யாருமே இல்லையா?"

"இக்கிறாங்க மச்சான். நான் இல்ல, அவ்வளவுதான்."

"அங்க ஒரு ரூம்ல எட்டுப் பேரு படுத்திருப்போம். எல்லாரும் போனைப் பாத்துக்கிட்டே படுத்திருப்பானுங்க. நான் போனை வெச்சிட்டு, ஒருத்தி எனக்காக இக்கிறா, இந்த நேரம் என்னை நெனச்சுக்கிட்டிக்கிறான்னு நெனப்பேன். தூக்கம் வந்துரும்." ஒரு வாய் சாப்பிட்டான். "ஒன் ஒடம்ப நான் எப்பவாச்சும் கொறை சொன்னனா?"

"இல்ல."

"அப்பறம் ஏன்டி?"

அவள் கறியை அவன் பக்கம் தள்ளினாள். அவன் சாப்பிட்டு முடித்தான், வழித்துச் சாப்பிட்டான். அன்றைக்கு ராபியாவின் ஆணம் நன்றாக இருந்தது.

லீவு முடிந்தது. முடியாமல் எப்படி இருக்கும். பெட்டி வரும்போது இருந்ததைவிடச் சின்னதாக இருந்தது. அவன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஒடம்பப் பாத்துக்க" என்றான், சொல்லிவிட்டுத் தப்பாகச் சொன்னது போலச் சிரித்தான், பிறகு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான், திரும்பிப் பார்க்கிற இடத்தில் திரும்பிப் பார்த்தான். ஜொஹரா கையை ஆட்டினாள். கண்ணைக் கசக்கிப் பார்த்தாள், ஈரமில்லை.

உள்ளே வந்தால், நடுக்கூடத்தில் ராபியா சஹனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சோறு அப்படியே இருந்தது. கதவு இடுக்கு வழியாக அவன் முதுகைப் பார்த்திருக்கிறாள். அவள் முகம் முழுக்க நனைந்திருந்தது, தாடையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"இந்தா" என்றாள் ராபியா. ஒரு கவளம் கையில் தயாராக இருந்தது. "எடுத்துக்க. இனிமே என்னால ஆகாது."

"ஏன் ராத்தா? நீதானே கேட்டே?"

"வர்றவருக்காக இக்கிறது இனிப்பா இருந்துச்சு. போனவருக்காக இக்கிறது வேற. இது எனக்கு ஏற்கனவே தெரியும் புள்ள. இதை ஒரு தடவ நான் பாத்துட்டேன். ரெண்டாவது தடவ என்னால ஆகாது, சோறு தொண்டையோட நிக்கிது." கையை நீட்டினாள். "வேணாம்னா சொல்லு, தட்டுல போட்டுர்றேன். ஒனக்கு ஒண்ணும் கட்டாயமில்ல. நீ நிம்மதியாத்தானே இக்கிறே."

உண்மைதான். ஜொஹரா நிம்மதியாக இருந்தாள். அவன் திரும்பி வர இன்னும் இரண்டு வருஷம், அந்த இரண்டு வருஷத்தையும் ஒரு கஷ்டமும் இல்லாமல், நல்ல சாப்பாடு, நல்ல தூக்கம், கடல் காற்று, சீரியல் என்று கழித்துவிடலாம். ஊரில் எத்தனை பெண்கள் இப்படி ஒரு வரத்துக்கு எதை வேண்டுமானாலும் கொடுப்பார்கள். இதையெல்லாம் அவள் யோசித்தாளா என்றால், யோசித்தாள். யோசித்துக்கொண்டே சஹனுக்கு எதிரில் உட்கார்ந்தாள், யோசித்துக்கொண்டே வாயைத் திறந்தாள்.

முதலில் சோறுதான் தெரிந்தது. பிறகு வந்தது. அடிவயிற்றிலிருந்து, முதுகுத்தண்டு வழியாக, காது மடல் வரைக்கும் வந்தது. இத்தனை நாள் பக்கத்திலேயே படுத்திருந்தவன், கையை நீட்டினால் தொட்டுவிடக்கூடிய தூரத்தில் குறட்டை விட்டவன், முடி கொட்டினவன், பெட்டிக்கு அவனே கயிறு கட்டினவன், முடி கொட்டின அவன் தலையை ஒரு தடவைகூட அவள் தடவிக் கொடுக்கவில்லை என்பது, எல்லாம் ஒரே நேரத்தில் வந்தது. எழுந்து ஓடலாமா என்று பார்த்தாள். பஸ் சத்தம் கேட்டது, தெருமுனையில் ஹாரன் அடித்து, பிறகு தேய்ந்து, பிறகு இல்லை. அவள் வாய்விட்டு அழுதாள், அழுதுகொண்டே அடுத்த கவளத்தை எடுத்தாள், ஏனென்றால் பசித்தது, அப்படிப் பசித்தது, ஊசி போடுவதற்கு முன்னால்கூட அவளுக்கு இப்படிப் பசித்ததில்லை. பஸ் இப்போது பாலத்தைத் தாண்டியிருக்கும் என்று ஒரு கவளம், உப்பளத்தைத் தாண்டியிருக்கும் என்று ஒரு கவளம், ஜன்னலோரம் இடம் கிடைத்திருக்குமா, கிடைத்திருக்காது, அவன் யாருக்காவது எழுந்து கொடுத்திருப்பான் என்று ஒரு கவளம்.

எதிரில் ராபியா முகத்தைத் துடைத்துக்கொண்டு, காலியான ஆளாகக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு சஹனைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்தாள்.

"அந்தப் புளியாணத்தை இங்கிட்டு ஊத்து" என்றாள்.

ஜொஹரா அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். ஊரில் யாரிடமும் அவளுடையது ஒன்றும் பாக்கி இல்லை, கொடுத்தவை எல்லாம் வந்துவிட்டன. "இது யாரோட பசி ராத்தா?"

"தெரியல. ஊத்துடி."

ஊற்றினாள். இரண்டு பேரும் அவரவர் பக்கத்திலிருந்து குடைந்துகொண்டே வந்தார்கள், பேசாமல், வேகமாக, ஒருத்தி அழுதுகொண்டும் ஒருத்தி அழாமலும், சோற்றுச் சுவர் மெலிந்து மெலிந்து இடிந்து விழ, நடுவில் மிச்சமிருந்த ஒரே ஒரு கறித்துண்டின்மேல் இரண்டு கையும் ஒரே நேரத்தில் விழுந்தன.

"விடு ராத்தா, எனக்குப் பசிக்கிது."

"எனக்குந்தான் பசிக்கிது."

யாரும் விடவில்லை.